ஸ்டீயரிங் பிடிப்பவனுக்குக் காதுதான் முக்கியம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை செட்டிபாளையம் ரேஸ் டிராக்குக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டுத் தம்பி கார் ரேஸ் ஓட்டுகிறான். "பெரியப்பா, சும்மா ஊட்ல உக்காந்துட்டு என்ன பண்றீங்க, வாங்க போலாம்" என்று காலையிலேயே வண்டியில் ஏற்றிக்கொண்டான். எனக்கும் பழைய ஆசை விடவில்லை. மனைவி கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதத்தோடு கிளம்பிவிட்டேன்.

ரேஸைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. ரேஸ் முடிந்த பிறகு நடந்ததைத்தான் எழுதப் போகிறேன். பார்க்க வந்தவர்கள் எல்லாம் அதற்குள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதனால் இந்த வேலையை யாரும் பார்ப்பதில்லை.

தம்பியின் காரை நாலு பக்கமும் மூடிய ஒரு டிரெய்லரில் கொண்டுவருகிறார்கள். பெரிய தகரப் பெட்டி மாதிரி இருக்கும். பின் கதவைக் கீழே சாய்த்தால் அதுவே காரை ஏற்றும் ரேம்ப். உள்ளே கார் நின்றால் இரண்டு பக்கமும் ஒரு சாண் இடைவெளிகூடத் தேறாது. இருட்டுவதற்குள் கிளம்ப வேண்டும் என்ற அவசரம். தம்பி காரில் ஏறி உட்கார்ந்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்து, நேராக ரேம்ப்பில் ஏற்றினான். பின்னால் கைக்கு உதவியாக ஒரு பையன், 19 வயது இருக்கும், நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

முன் சக்கரம் இரண்டும் உள்ளே போய்விட்டன. இடது பக்கம் உரசும் போலத் தெரிந்ததால் தம்பி ஸ்டீயரிங்கை வலது பக்கம் ஒடித்தான். முன்பக்கம் சரியாகிவிட்டது. ஆனால் பின் சக்கரம் இன்னும் ரேம்ப்பில்தானே இருக்கிறது? வலது பின் சக்கரம் ரேம்ப்பின் ஓரத்துக்கு வந்துவிட்டது. பையன் "ஹோல்டான், ஹோல்டான்!" என்று கத்துகிறான். தகரப் பெட்டிக்குள் அந்த சைலன்சர் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? கடைசியில் பையன் காரின் பின்பக்கத்தைக் கையால் ஓங்கித் தட்டிய பிறகுதான் கார் நின்றது. டயரில் பாதி அந்தரத்தில்.

அடுத்து அந்தப் பையன் செய்ததுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கார் பின்னால் உருண்டுவிடக் கூடாதென்று, ஓடிப்போய் காரின் பின்னால் நின்று இரண்டு கையாலும் முட்டுக் கொடுத்தான்.

"பின்னால நிக்காதடா! தள்ளி வா!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து டீம்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். இந்தப் பெரியவருக்கு என்ன ஆயிற்று என்று நினைத்திருப்பார்கள். அது அன்றைக்கு வந்த சத்தம் இல்லை. 30 வருஷத்துக்கும் மேலாக எனக்குள் கிடந்தது.

கோயமுத்தூர்க்காரர்களுக்கு ரேஸ் புதிதல்ல. என் வயதுக்காரர்களுக்குச் சோழவரம் என்றால் தெரியும். மெட்ராஸுக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம். அதில்தான் வருஷா வருஷம் கார் ரேஸும் பைக் ரேஸும் நடக்கும். நம்ம ஊரில் லேத்தும் மில்லிங்கும் பம்ப்பு செட்டும் தெரிந்த கைகள் நிறைய. அவற்றில் சில, மாலை நேரத்தில் ரேஸ் காரிலும் வேலை செய்தன. 1990-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தனியாக டிராக் வந்த பிறகு சோழவரம் பழங்கதை ஆகிவிட்டது. மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி காரைச் செய்த கரிவரதன் நம்ம ஊர்க்காரர். 1995-இல் வான் விபத்தில் மறைந்தார். செட்டிபாளையம் டிராக் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஃபார்முலா மாருதி ஓட்டிப் பழகிய நாராயண் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன் வரைக்கும் போனார். இதெல்லாம் நமக்குப் பெருமை.

நான் ஓட்டுநர் இல்லை. ஐ.டி.ஐ. படித்த ஃபிட்டர். பகலில் மில் மெஷின் வேலை, ராத்திரியில் ஒரு பட்டறையில் ரேஸ் காருக்கு ஸ்பேனர் பிடிக்கிற வேலை. சம்பளம் பெரிதாக இல்லை, ஆனால் ரேஸுக்குக் கூட்டிப் போவார்கள். அது போதும் என்றிருந்த வயது.

1991. இருங்காட்டுக்கோட்டை ரேஸுக்குக் கிளம்ப வேண்டும். சேலம், கிருஷ்ணகிரி, வேலூர் வழியாகச் சுமார் 500 கிலோமீட்டர். மறுநாள் காலையில் அங்கே இருந்தாக வேண்டும். ராத்திரி ஒன்பது மணிக்கு, தார்ப்பாய்க் கூண்டு கட்டிய லாரியில் ஒரு பழைய ஃபியட்டை ஏற்றினோம். அது ரேஸுக்கென்று உள்ளே இருந்த சீட்டு, கார்ப்பெட் எல்லாம் உருவி எடுத்த கார். அப்போது வின்ச் எல்லாம் யார் கண்டது? லாரியின் பின்னால் இரண்டு நீளப் பலகை போட்டு, ஆறு பேர் சேர்ந்து தள்ளுவோம். ஒருவர் ஸ்டீயரிங் பிடிப்பார். அன்றைக்கு அந்த ஒருவர் நான்.

லாரிக்குள் போய்விட்டால் கார் கதவைத் திறக்க முடியாது. பக்கப் பலகை இடிக்கும். உள்ளே உட்கார்ந்து ஏற்றியவர், ஜன்னல் வழியாகத்தான் உடம்பை நெளித்து வெளியே வர வேண்டும். ரோல் கேஜ் கம்பிகள் வேறு குறுக்கே இருக்கும். அன்றைக்கு எனக்கு அந்தச் சிரமம் வேண்டாம் என்று தோன்றியது. காருக்குள் உட்காராமல், பக்கத்தில் நடந்துகொண்டே ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தேன். நிறையப் பேர் செய்வதுதான். நானும் பல தடவை செய்திருக்கிறேன்.

சாயங்காலம் மழை தூறியிருந்தது. முன் சக்கரம் பலகையில் பாதி தூரம் ஏறியதும் ஒரு பலகை நழுவியது. கார் பின்னால் வந்தது. நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், ஆனால் என் கால் தரையில் இருக்கிறது. பிரேக் காருக்குள் இருக்கிறது. பிரேக்கில் யாருடைய காலும் இல்லை.

தள்ளிக்கொண்டிருந்தவர்களில் ஐந்து பேர் விலகிவிட்டார்கள். வலது மூலையில் இருந்த பையனுக்குப் பின்னால் பட்டறைக் கேட்டின் கல்தூண். விலக இடமில்லை. காரின் பம்பருக்கும் தூணுக்கும் நடுவில் அவன் முழங்கால் மாட்டிக்கொண்டது.

பட்டறை முதலாளி ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொண்டார். வேறு பட்டறையில் கார் ஏற்றி, ரேஸுக்கும் போனார்கள். மூன்றாவது இடம் வந்தது என்று ஞாபகமாக ஒரு போட்டோவும் எடுத்தார்கள். அந்தப் போட்டோவில் அவன் இல்லை, நானும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் ஆஸ்பத்திரியில் இருந்தோம். கால் போகவில்லை, ஆனால் பழையபடி மடங்கவும் இல்லை. நின்று செய்யும் வேலை முடியாமல், ஒரு வருஷத்தில் பொள்ளாச்சிப் பக்கம் சொந்த ஊருக்கே போய்விட்டான். அவன் அண்ணா என்று கூப்பிட்ட ஆள் நான். ஜன்னல் வழியாக நெளிந்து வருகிற சிரமம் வேண்டாம் என்று நினைத்த ஆளும் நான்தான்.

அதனால்தான் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு கருத்து உண்டு. அதைக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன். காரை டிரெய்லரில் ஏற்றுவது ஓட்டும் வேலை அல்ல, தூக்கும் வேலை. கிணற்றில் மோட்டார் இறக்குவது, மெஷினை அஸ்திவாரத்தில் வைப்பது போன்ற வேலை. அதில் ஓட்டுநரின் திறமைக்கு இடமே இல்லை. ஸ்டீயரிங் பிடிப்பவன் வெளியே நிற்பவனின் சொல்லைக் கேட்கிற ஆளாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன். எட்டடி நீளமுள்ள ரேம்ப், இரண்டடி உயரம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலுக்கு ஒன்று சரிவு. 800 கிலோ எடையுள்ள கார் அந்தச் சரிவில் நின்றால், கிட்டத்தட்ட 200 கிலோ பலத்தோடு பின்னால் இழுக்கும். நாலு மூட்டை சிமெண்ட். அதைத்தான் அந்த 19 வயதுப் பையன் இரண்டு கையால் நிறுத்தப் போனான். பலகையை நீளமாக்கி 12 அடி ஆக்கினால், அதே காரின் இழுப்பு சுமார் 133 கிலோவாகக் குறையும். இரண்டு மரப்பலகை கூடுதலாகப் போட்டால் கிடைக்கிற லாபம் இது. ரேஸ் கார்கள் தரைக்கு மிகத் தாழ்வாக இருப்பதால் முன்மூக்கு உரசாமல் ஏறுவதற்கும் அதுவே வழி.

அடுத்தது ஸ்டீயரிங். காரில் முன் சக்கரம் போன தடத்தில் பின் சக்கரம் அப்படியே போகாது. திருப்பும்போது உள்பக்கமாகக் குறுக்கே வரும். பஸ் திரும்பும்போது பின் சக்கரம் பிளாட்பாரத்தில் ஏறுவதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான். டிரெய்லர் வாசலில் வந்து நின்றுகொண்டு முன்பக்கத்தைச் சரிசெய்தால், பின்பக்கம் ரேம்ப்பை விட்டு விலகும். அன்று தம்பிக்கு நடந்தது அதுதான். சரிசெய்ய வேண்டியதெல்லாம் தரையில், இருபது அடி முன்னாலேயே சரிசெய்ய வேண்டும். காரும் டிரெய்லரும் ஒரே நேர்க்கோட்டில் வந்த பிறகு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து வைத்திருப்பது ஒன்றுதான் வேலை. ரேம்ப்பில் ஏறிய பிறகு கோணல் தெரிந்தால், கீழே இறக்கி மறுபடியும் ஆரம்பிக்க வேண்டும். அங்கேயே ஒடித்துச் சமாளிக்கப் பார்க்கக் கூடாது.

இறக்குவது இன்னும் மோசம். உங்கள் சைக்கிளின் ஹேண்டில்பாரை லேசாகப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகத் தள்ளிப் பாருங்கள். முன் சக்கரம் தானாக ஒரு பக்கம் மடங்கும். காரிலும் முன் சக்கரங்களின் அமைப்பு அப்படித்தான். முன்னால் போகும்போது தானாக நேராகும், பின்னால் உருளும்போது மடங்கப் பார்க்கும். ஸ்டீயரிங்கை யாரும் பிடிக்காமல் விட்டால் அது சடாரென்று சுற்றும். ஜன்னல் வழியாக விட்ட கை கம்பிக்குள் இருந்தால் மணிக்கட்டு என்ன ஆகும்? அது மட்டுமில்லை. முன்பக்கம் முழுதாக வெளியே வருவதற்குள் ஸ்டீயரிங்கைத் திருப்பினால், காரின் மூக்கு டிரெய்லர் சுவரில் போய் இடிக்கும்.

இன்ஜினை ஓட்டி ஏற்றுவதைப் பற்றி ஒரு வார்த்தை. ரேஸ் கார் கிளட்ச், நம் வீட்டுக் கார் கிளட்ச் மாதிரி மெதுவாகப் பிடிக்காது. பிடித்தால் ஒரேயடியாகப் பிடிக்கும். ரேம்ப்பில் மூக்கு மேலே தூக்கியிருக்கும்போது ஓட்டுநருக்கு டிரெய்லரின் கூரைதான் தெரியும், சக்கரம் எங்கே இருக்கிறதென்று தெரியாது. மூடிய பெட்டிக்குள் சைலன்சர் புகை வேறு. அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வெளியே இருப்பவன் சொல்வது காதில் விழாது. கண்ணும் தெரியாமல் காதும் கேட்காமல் ஒருவன் ஒரு பெட்டிக்குள் காரை ஓட்டுகிறான் என்றால், அதைத் திறமை என்று நான் சொல்ல மாட்டேன்.

நம் லாரி டிரைவர்களைப் பாருங்கள். முப்பது வருஷம் ஸ்டீயரிங் பிடித்த ஆள், சந்துக்குள் ரிவர்ஸ் எடுக்கும்போது நேற்று வேலைக்கு வந்த கிளீனர் பையன் சொல்வதைக் கேட்பார். "வரலாம், வரலாம், லெஃப்ட்ல ஒடி, நேர் பண்ணு, ஹோல்டான்!" ஹோல்டான் என்றால் நிற்கும். ஏன் என்று கேட்க மாட்டார். லைசென்ஸ் இல்லாத பையன் சொல்வதைக் கேட்பதில் அவருக்குக் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

கோனியம்மன் தேரையும் பாருங்கள். மாசி மாதம் ராஜவீதியில் அத்தனை கூட்டம் சேர்ந்து வடம் பிடிக்கிறது. ஆனால் தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிற சில பேர்தான். இழுக்கிறவர்கள் அவர்களுக்குக் கட்டுப்பட்டுத்தான் ஆக வேண்டும். நம் ஊரில் இவ்வளவு காலமாகத் தெரிந்த விஷயம், ரேஸ் டிராக்கில் மட்டும் ஏன் தெரியாமல் போகிறது?

இதைத் தம்பியிடம் சொன்னபோது அவனும் பதில் வைத்திருந்தான். "பெரியப்பா, வின்ச் மாட்டி இழுத்தா இருவது நிமிஷம் ஆகும். ஓட்டுனா ஒரே நிமிஷம். அஞ்சு வருஷமா இப்படித்தான் ஏத்தறேன், ஒண்ணும் ஆகலை" என்றான். அவன் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. காலையிலிருந்து வெயிலில் நின்ற உடம்பு, சீக்கிரம் வீடு போய்ச் சேர வேண்டும். கவனமாக ஓட்டியே ஏற்றி இறக்கும் நல்ல ஆட்களையும் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவில் விற்கும் மூடிய டிரெய்லர் சிலவற்றில், ஓட்டுநர் கதவைத் திறந்து வெளியே வருவதற்கென்றே பக்கவாட்டில் ஒரு கதவு வைத்திருக்கிறார்கள். வசதியுள்ள டீம்கள், காரை அப்படியே மேலே தூக்கும் ஹைட்ராலிக் லிஃப்ட் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் "ஒண்ணும் ஆகலை" என்பதை நானும் 1991 வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தவன். அந்த ஐந்து வருஷத்தில் மிச்சமான நிமிஷங்கள் எல்லாம் தம்பியின் கணக்கில் லாபம். நஷ்டம் வந்தால் அது பின்னால் நிற்கிற பையனின் காலுக்கு. ஓட்டுநருக்கு ஹெல்மெட் உண்டு, தீப்பிடிக்காத உடுப்பு உண்டு, ஆறு இடத்தில் பெல்ட் உண்டு, டிராக்கில் ஆம்புலன்ஸ் உண்டு. ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு ரேம்ப்பின் பின்னால் நிற்கிறவனுக்கு என்ன உண்டு? ரேஸுக்கு ஆகிற செலவில் ஒரு வின்ச்சும் இரண்டு நீளப் பலகையும் எந்த மூலைக்கு?

ஆகவே என் கட்சி இதுதான். இன்ஜின் அணைந்திருக்க வேண்டும். வின்ச் கயிறு டிரெய்லரின் நடு மையத்திலிருந்து நேராக இழுக்க வேண்டும், கயிற்றைத் தாண்டி யாரும் காலை வைக்கக் கூடாது. ஒருவர் காருக்குள் உட்கார வேண்டும், கை ஸ்டீயரிங்கிலும் கால் பிரேக்கிலும் இருக்க வேண்டும். பல ரேஸ் கார்களில் ஹேண்ட் பிரேக்கே கிடையாது. சர்வோ உள்ள காரில் இன்ஜின் நின்றிருந்தால் பிரேக் பெடல் கல் மாதிரி இருக்கும். அதனால் முழுப் பலத்தோடு மிதிக்கிற தெம்புள்ள ஆளாக இருக்க வேண்டும். ஜன்னல் வழியாக நெளிந்து வெளியே வருவது சிரமம்தான், அதைப் படத்தான் வேண்டும். வெளியே பக்கவாட்டில் தள்ளி நின்று பார்க்கிற ஒரே ஆள்தான் சொல்ல வேண்டும். நாலு பேர் நாலு விதமாகக் கத்தக் கூடாது. ஆனால் "ஹோல்டான்" என்ற சொல்லை மட்டும் அங்கே இருக்கிற யார் வேண்டுமானாலும் சொல்லலாம், டீ வாங்கி வந்த பையன் சொன்னாலும் கார் நிற்க வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை போடுபவர், கட்டையைப் பக்கவாட்டிலிருந்து நீளக் கம்பால் தள்ளிப் போட வேண்டும். காருக்குப் பின்னால் யாரும் நிற்கவே கூடாது. கார் உருண்டால் உருளட்டும். தகரத்தைத் தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம். அந்த வேலைக்கு நம் ஊரில் ஆள் பஞ்சம் இல்லை.

அன்றைக்குத் தம்பி என்னோடு வெகு நேரம் வாதம் பண்ணவில்லை. நான் போட்ட சத்தத்தில் அவனுக்கும் கொஞ்சம் உதறிவிட்டது என்று நினைக்கிறேன். பின் சக்கரத்தின் கீழே கட்டை கொடுத்து, ஜாக்கி வைத்து, மெதுவாகக் காரைத் தரைக்கு இறக்கினோம். பக்கத்து டீமில் ஒரு வின்ச் இருந்தது, கேட்டதும் கொடுத்தார்கள். தம்பி உள்ளே உட்கார்ந்தான். அந்தப் பையனைப் பக்கவாட்டில் பத்தடி தள்ளி நிற்க வைத்து, "நீதான் சொல்லணும் கண்ணு, அவன் கேப்பான்" என்றேன். அவன் முதலில் கூச்சப்பட்டான். "லெஃப்ட்ல கொஞ்சம்ங்ணா... நேர் பண்ணுங்ணா..." என்று மெதுவாக ஆரம்பித்தான். பாதியில் ஒரு தடவை "ஹோல்டான்" என்றான். கார் நின்றது. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வாட்சைப் பார்த்தேன். வின்ச் மாட்டியதிலிருந்து எல்லாம் முடிய பதினேழு நிமிஷம்.

மறுநாள் பொள்ளாச்சிக்குப் போன் செய்தேன். அவருக்கு இப்போது ஐம்பது வயதைத் தாண்டிவிட்டது, பேரன் இருக்கிறான், அவன் இவன் என்று எழுதுவது சரியில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பேசிக்கொள்வோம். நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இப்பெல்லாம் மோட்டார் வெச்சு இழுக்கறாங்களாங்ணா? நல்லதுங்ணா. அந்தப் பையன் யாரு, எந்த ஊருங்க?" என்று விசாரித்தார். தன் காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் எப்போதும் பேசியதில்லை. அதனால்தான் நான் பேச வேண்டியிருக்கிறது.

இதைப் படிக்கிற உங்களில் யாருடைய பேரனாவது ரேஸ் ஓட்டினால், டிராக்டரை லாரியில் ஏற்றினால், இந்த ஒன்றை மட்டும் அவனிடம் சொல்லுங்கள். வண்டியை ஏற்றும்போது பின்னால் யாரும் இல்லை என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.